சாத்தான் நடத்திய பெண்கள் பள்ளி: 1973-ன் ஒரு டிவி பேய்ப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1973 செப்டம்பர் 19, புதன்கிழமை இரவு, ஏபிசி தொலைக்காட்சியில் ‘சேட்டன்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்’ என்றொரு படம் ஒளிபரப்பானது. பழைய திகில் படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பெயரை நான் இழுத்துவிடுவது வழக்கம். உடனே கேள்விகளும் வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதி வழியில் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறேன், அதுவரை கதையின் முடிச்சு அவிழாது.

இது எந்த மாதிரிப் படம்? தியேட்டரில் ஓடியதா?

இல்லை. தொலைக்காட்சிக்காகவே எழுதி, தொலைக்காட்சிக்காகவே எடுத்த படம். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஓடும். டேவிட் லோவெல் ரிச் இயக்கினார், ஆர்தர் ஏ. ராஸ் எழுதினார். தயாரிப்பு ஆரோன் ஸ்பெல்லிங், லெனர்ட் கோல்ட்பர்க் கூட்டணி. அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் இவர்கள் இருவரின் கொடி பறந்துகொண்டிருந்தது.

வகை என்று கேட்டால், பாதி துப்பறியும் கதை, பாதி சாத்தான் கதை. அக்கா ஒருத்தி தங்கையின் சாவுக்குக் காரணம் தேடிப் போகிறாள். தேடிய இடத்தில் மனிதக் குற்றவாளிக்குப் பதிலாக வேறு ஏதோ இருக்கிறது.

சேலம் என்று வருகிறதே, நம்ம சேலமா?

எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! இல்லை. இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். ஆங்கிலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்து, அவ்வளவுதான் உறவு. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள், பைபிளில் வரும் ‘அமைதி’ என்று பொருள்படும் பெயரை 1629-ல் அந்த ஊருக்கு வைத்தார்கள். அறுபத்து மூன்று வருடம் கழித்து அமைதிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. அந்தக் கதை கீழே வருகிறது, ஏனென்றால் படமே அதன் மேல்தான் நிற்கிறது.

கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள். முடிவு வேண்டாம்.

மார்த்தா என்ற இளம்பெண் காரில் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டு வருகிறாள். யாரோ துரத்துவதுபோல் பின்னால் பார்த்துக்கொண்டே வருகிறாள், நம் கண்ணுக்கு யாரும் தெரிவதில்லை. அக்கா எலிசபெத்தின் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அக்கா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. திரும்பி வரும்போது தங்கை தூக்கில் தொங்குகிறாள். தற்கொலை என்று போலீஸ் கோப்பை மூடிவிடுகிறது.

எலிசபெத் நம்பவில்லை. தங்கை படித்த சேலம் அகாடமி என்ற பெண்கள் கல்லூரியில், தான் யாரென்று சொல்லாமல், மார்கன் என்ற போலிப் பெயரில் மாணவியாகச் சேர்கிறாள். அங்கே மூன்று பெண்கள் அவளை அன்பாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ராபர்ட்டா நிதானமானவள், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சமாளிப்பவள். டெபி எதைக் கேட்டாலும் நடுங்குகிறாள். டெபி ஓர் ஓவியம் வரைந்து வைத்திருக்கிறாள்: கல்சுவர் கொண்ட ஒரு நிலவறை, அதில் இறந்துபோன மார்த்தா. இந்த அறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் டெபி வாயைத் திறப்பதில்லை.

ஆசிரியர்களில் இருவர் முக்கியம். உளவியல் பேராசிரியர் டெலக்ரா கறாரானவர், முறைப்பவர், சுண்டெலிகளை வைத்து வதைப்பதுபோல் பாடம் நடத்துபவர். ஓவிய ஆசிரியர் கிளாம்பெட் இளமையானவர், அழகானவர், மாணவிகளோடு தோழனைப் போலப் பழகுபவர். இவர்களுக்கு மேலே தலைமையாசிரியை மிசஸ் வில்லியம்ஸ். மாணவிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘டிராகன் லேடி’.

அப்புறம் இடி, மழை, மின்சாரம் போவது, கையில் விளக்கோடு ஒரு பெண் படியிறங்கிப் போவது. இதெல்லாம் இல்லாமல் எப்படி?

டிவிக்காக மட்டும் ஏன் படம் எடுத்தார்கள்?

தியேட்டர் படங்களை டிவியில் போட ஸ்டூடியோக்கள் கேட்ட விலை அறுபதுகளில் ஏறிக்கொண்டே போனது. அந்தக் காசில் நாமே புதுப்படம் எடுத்துவிடலாமே என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் கணக்குப் போட்டன. ஏபிசி அதை ஒரு தொழிற்சாலையாகவே ஆக்கியது. 1969 செப்டம்பரில் ‘மூவி ஆஃப் தி வீக்’ என்ற பெயரில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு புதுப்படம் என்று தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் பாரி டில்லர், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். செவ்வாய்க்கிழமைக்கு நல்ல வரவேற்பு கிடைக்கவே, 1972-ல் புதன்கிழமைக்கும் ஒன்று சேர்த்தார்கள். நம்ம படம் அந்தப் புதன்கிழமை வரிசையில் வந்தது.

ஒன்றரை மணி நேர இடம். விளம்பரம் போக ஒன்றேகால் மணி நேரப் படம். செலவு படத்துக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் டாலருக்குள், படப்பிடிப்பு இரண்டு வாரம் முன்னே பின்னே. ஸ்டீவன் ஸ்பீல்பர்க் பெயர் வாங்கிய, லாரி துரத்தும் ‘டூயல்’ படம்கூட ஏபிசியின் வார இறுதி வரிசைக்காக 1971-ல் இந்த மாதிரி அவசரத்தில் எடுத்ததுதான்.

இந்த அவசரம்தான் அந்தப் படங்களின் குணத்தைத் தீர்மானித்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரம் வரும். அதற்குள் பார்வையாளர் எழுந்து வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது. அதனால் ஒவ்வொரு பகுதியும் ஒரு அலறலிலோ திறக்கும் கதவிலோ போய் முடியும், திரை கறுக்கும். இன்று விளம்பரமில்லாமல் பார்க்கும்போது அந்தக் கறுப்பு இடைவெளிகள் விக்கல்போலத் தெரியும். அது வெட்டுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். சோப்பு விளம்பரம் உட்கார்ந்திருந்த இடம் அது.

நம் ஊரில் இந்தப் படம் யாருக்கும் தெரியாததற்கும் காரணம் எளியது. 1973-ல் சென்னைக்குத் தொலைக்காட்சியே வரவில்லை, அது வந்தது 1975-ல்.

உண்மையிலேயே பயமாக இருக்குமா?

இன்றைய பேய்ப்படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இல்லை. வீட்டு வரவேற்பறையில் குழந்தைகளும் பார்க்கிற நேரத்து ஒளிபரப்பு என்பதால் ரத்தம், நிர்வாணம், கெட்ட வார்த்தை எதற்கும் அனுமதி கிடையாது. பேய் முகமோ கொம்போ வாலோ எதுவும் இல்லை.

ஆனால் சங்கடப்படுத்தும். தொடக்கத்தில் மார்த்தா வெறும் சாலையைப் பார்த்து மிரளும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். காட்ட அனுமதி இல்லாததால் காட்டாமல் விட்டார்கள், விட்டதே லாபமாகிவிட்டது. அப்புறம் ஒரு குளக்கரைக் காட்சி. யார் சாகிறார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். இரவில் ஒருவர் தண்ணீரில் விழுந்து கரையேறப் பார்க்கிறார். கரையைச் சுற்றி நிற்கும் பெண்கள் கையில் நீளமான கழிகள். யாரும் கத்துவதில்லை, யாருக்கும் கோபமில்லை. ஏதோ வேலையை முடிப்பதுபோல அவரைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. படத்தில் உண்மையான பயம் அந்த ஓர் இடம்தான் என்பேன்.

தூக்கில் தொங்கும் காட்சி உண்டு, தற்கொலை பற்றிய பேச்சும் உண்டு. அது தொந்தரவு தரும் என்றால் இந்தப் படம் வேண்டாம்.

அந்த வருடங்களில் அமெரிக்க டிவியில் ஏன் இத்தனை சாத்தான்?

காற்று அந்தப் பக்கம் வீசியது. 1966-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்டன் லவே என்பவர் மொட்டையடித்துக்கொண்டு ‘சாத்தான் திருச்சபை’யே ஆரம்பித்துவிட்டார். 1968-ல் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ படம் பெரும் வெற்றி. 1971-ல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவல் விற்றுத் தள்ளியது. 1972 ஜூனில் டைம் பத்திரிகை இந்த மந்திர மாய மோகத்தையே அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. வியட்நாம் போர் ஒரு பக்கம், நம்பிக்கை இழந்த இளைஞர்கள் ஒரு பக்கம், ஜோதிடமும் டாரட் சீட்டும் கடைக்குக் கடை.

நாள்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘எக்ஸார்சிஸ்ட்’ படமாகத் தியேட்டருக்கு வந்தது 1973 டிசம்பர் 26. நம்ம படம் அதற்கு மூன்று மாதம் முன்பே வந்துவிட்டது. பலர் இதை அதன் நகல் என்று எழுதுகிறார்கள். நகலாக இருக்க வாய்ப்பே இல்லை. பெரிய அலை வருவதற்கு முன் கரையில் நுரை தெரியுமே, அந்த நுரை இது.

இதில் ‘சார்லிஸ் ஏஞ்சல்ஸ்’ நடிகைகள் இருக்கிறார்களாமே?

ஆமாம், இருவர். ராபர்ட்டாவாக வருகிற கேட் ஜாக்சன் 1976-ல் தொடங்கிய அந்தத் துப்பறியும் டிவி தொடரின் முதல் மூன்று நாயகிகளில் ஒருவர். தொடரை எடுத்ததும் இதே ஸ்பெல்லிங்–கோல்ட்பர்க்தான். ஜோடி (Jody) என்ற பெயருள்ள சின்ன வேடத்தில் வருபவர் ஷெரில் ஸ்டோப்பல்மூர். இந்தப் பெயரில் தேடினால் உங்களுக்கு யாரென்று புரியாது. திருமணத்துக்குப் பிறகு ஷெரில் லாட் ஆகி, 1977-ல் ஃபேரா ஃபாசெட் விலகியபோது அந்தத் தொடரில் சேர்ந்தவர் அவர்தான். ‘இரண்டு ஏஞ்சல்களும் சாத்தானின் பள்ளியில்’ என்கிற நகைச்சுவையை ரசிகர்கள் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் சொல்லிவிட்டேன், போகட்டும்.

ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துபவர் எலிசபெத்தாக நடித்த பமேலா ஃபிராங்க்ளின். ஜப்பானின் யோகோஹாமாவில் பிறந்த ஆங்கில நடிகை. 1961-ல் ‘தி இன்னொசென்ட்ஸ்’ படத்தில் பேய் பிடித்ததா இல்லையா என்று தெரியாத அந்தச் சிறுமி இவர்தான். 1973-லேயே இன்னொரு பேய் வீட்டுப் படத்திலும் நடித்திருக்கிறார். அலறுவதற்கு வாய்ப்பு வரும்போதெல்லாம் அலறாமல் யோசிக்கிற முகம் இவருக்கு. கதையில் ஓட்டை விழும் இடங்களை அந்த முகம்தான் அடைக்கிறது.

தலைமையாசிரியையாக வரும் ஜோ வான் ஃப்ளீட், ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். இவ்வளவு சின்னப் படத்தில் அவ்வளவு பெரிய நடிகை! கடைசிப் பகுதியில் அந்தக் கண்டிப்பான அம்மாள் உடைந்து குழந்தையாகிப்போகும் இடத்தில் அவர் செய்வதைப் பாருங்கள்.

எலிகளை வைத்துப் பாடம் நடத்தும் காட்சி எதற்கு?

அதைப் பலர் நேரப்போக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிர்ப்பாதையில் ஓடும் எலி, பயந்தால் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும், எப்போது சொன்னபடி கேட்கத் தொடங்கும் என்று டெலக்ரா விளக்குகிறார். மாணவிகள் அருவருப்போடு பார்க்கிறார்கள். அந்தப் பள்ளியின் தாழ்வாரங்களில் நள்ளிரவில் விளக்கோடு அலையும் எலிசபெத்தும் அதே எலிதான். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரிந்தே கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவரே பிறகு அந்தப் புதிர்ப்பாதையில் மாட்டுகிறார் என்பது எழுத்தாளர் ராஸின் குறும்பு.

எச்சரிக்கை: இனி முடிவு வருகிறது. யார்தான் சாத்தான்?

படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

ஓவிய ஆசிரியர் கிளாம்பெட்தான். பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த அந்த மனிதர்.

நான் முதல்முறை பார்த்தபோது பேராசிரியரைத்தான் சந்தேகித்தேன். அப்படிச் சந்தேகிக்கும்படிதான் நடிகர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டெலக்ராவாக வரும் லாய்ட் பாக்னர் மிடுக்கான, குளிர்ந்த வேடங்களுக்குப் பேர்போனவர். கிளாம்பெட்டாக வரும் ராய் தின்னெஸ், 1967-ல் தொடங்கிய ‘தி இன்வேடர்ஸ்’ தொடரில் வேற்றுக்கிரகவாசிகள் ஊடுருவிவிட்டார்கள் என்று ஊர் ஊராகப் போய் எச்சரித்த கதாநாயகன். அன்றைய பார்வையாளருக்கு அந்த முகம் நம்பிக்கையின் முகம். வேஷம் போட்டு உள்ளே வந்தவர்களைக் கண்டுபிடித்துக் காட்டிய ஆளே இப்போது வேஷம் போட்டு உள்ளே வந்தவர். இந்த வேடிக்கை இன்று அந்தத் தொடரைத் தெரியாதவர்களுக்குப் போய்ச்சேராது, அதனால்தான் நீட்டிச் சொல்கிறேன்.

டெலக்ராவோ நிரபராதி. பயந்துபோய்த் தப்பி ஓடுகிறார். குளத்தில் மூழ்கடிக்கப்படுபவர் அவர்தான். ராபர்ட்டா உள்பட அன்பாகப் பேசிய தோழிகள் எல்லோரும் ஏற்கெனவே கிளாம்பெட்டின் ஆட்கள்.

இந்தப் படத்தை நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இந்த ஓர் ஏற்பாடு. இதில் சாத்தான் யாரையும் பிடித்து இழுப்பதில்லை, மிரட்டுவதில்லை. அந்தப் பெண்களைத் தேடி ஒரு தாயோ தகப்பனோ கதைக்குள் வருவதில்லை. அவர்களிடம் ஒருவன் மரியாதையாகப் பேசுகிறான், அவர்கள் வரைந்ததைப் பாராட்டுகிறான், நீ எங்களில் ஒருத்தி என்கிறான். கண்டிப்பான வாத்தியார் நல்லவர், கனிவான வாத்தியார் நரகம். கனிவே தூண்டில். இதைச் சொல்ல மந்திரக்கட்டமோ ஆட்டுத்தலையோ தேவைப்படவில்லை.

முடிவில் என்ன ஆகிறது? அவன் செத்தானா?

மற்ற மாணவிகளை வெளியேற்றிவிட்டு, நிலவறையில் கூட்டம். டெபியின் ஓவியத்தில் இருந்த அதே அறை. எட்டுப் பெண்கள் வேண்டும், எட்டாவது எலிசபெத். அவள் மறுக்கிறாள். கட்டடம் தீப்பற்றுகிறது. அந்தப் பெண்கள் தப்பிக்க முயலாமல் அவனோடு நெருப்பிலேயே நிற்கிறார்கள். எலிசபெத் வெளியே வந்துவிடுகிறாள். பிறகு ஒரு கணம் அவனைப் பார்க்கிறாள். உடம்பில் ஒரு கருகல்கூட இல்லை, சிரிக்கிறான். அடுத்த கணம் ஆளில்லை.

சாத்தானுக்கு ஏது சாவு? வேறு ஊர், வேறு பள்ளி என்று போயிருப்பான்.

ஏன் சரியாக எட்டு பேர்?

சேலத்தில் முற்காலத்தில் சூனியக்காரிகள் என்று தூக்கிலிடப்பட்ட எட்டுப் பெண்களுக்கு ஈடாக எட்டு பேரைத் திரட்டுகிறான் என்பது படம் சொல்லும் காரணம். எழுத்தாளர் மனம்போன போக்கில் வைத்த எண்ணா என்றால், வரலாற்றில் அந்த எட்டு இருக்கிறது.

1692-ன் தொடக்கத்தில் சேலம் கிராமத்தில் (இன்றைய டான்வர்ஸ்) பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டில் ஒன்பது வயது மகள் பெட்டியும், பதினொரு வயது உறவுக்காரச் சிறுமி அபிகேலும் வலிப்பு வந்ததுபோல் துடித்தார்கள், கத்தினார்கள். சூனியம் என்றது ஊர். அந்த வீட்டில் அடிமையாக இருந்த டிட்டுபா உள்பட மூன்று பெண்கள் முதலில் கைதானார்கள். பிறகு ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். ‘உன் ஆவி வந்து என்னைக் கிள்ளியது’ என்பதையெல்லாம் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. நீ வீட்டில் படுத்திருந்தாய் என்று நிரூபித்தாலும் பயனில்லை, வந்தது ஆவிதானே!

பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜூன் 10-ல் பிரிட்ஜெட் பிஷப் ஒருவர், ஜூலை 19-ல் ஐவர், ஆகஸ்ட் 19-ல் ஐவர், கடைசியாக செப்டம்பர் 22-ல் ஒரே நாளில் எட்டு பேர். அந்த எட்டு பேரில் ஏழு பெண்கள், ஓர் ஆண்: மார்த்தா கோரி, மேரி ஈஸ்டி, ஆலிஸ் பார்க்கர், மேரி பார்க்கர், ஆன் புடியேட்டர், வில்மட் ரெட், மார்கரெட் ஸ்காட், சாமுவேல் வார்ட்வெல். தொங்கிய உடல்களைப் பார்த்து, நரகத்தின் எட்டுக் கொள்ளிக்கட்டைகள் என்றார் அங்கே நின்ற பாதிரியார் நிக்கலஸ் நோய்ஸ்.

மார்த்தா கோரியின் கணவர் ஜைல்ஸ் கோரியின் கதை இன்னும் கொடுமை. குற்றம் செய்தேன் என்றோ செய்யவில்லை என்றோ வாயைத் திறக்க மறுத்த அந்த எண்பது வயதுக் கிழவரைப் படுக்கவைத்து, மேலே கனமான கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். அது நடந்த தேதி செப்டம்பர் 19. படம் ஒளிபரப்பானதும் செப்டம்பர் 19. நடுவில், 1752-ல், பழைய ஜூலியன் நாட்காட்டி போய் இன்றைய நாட்காட்டி வந்துவிட்டதால் இதில் அமானுஷ்யம் தேட வேண்டாம், தற்செயல்தான். படத்தில் முதலில் சாகும் தங்கையின் பெயரும் மார்த்தா என்பதைப் பார்த்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

சூனியக்காரிகளை எரித்ததாகத்தானே கேள்வி?

சேலத்தில் ஒருவரையும் எரிக்கவில்லை. அங்கே நடந்தது இங்கிலாந்துச் சட்டம், அதில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எரித்தது ஜெர்மானியப் பகுதிகள், ஸ்காட்லாந்து போன்ற இடங்களில். திரைக்கதை இந்த விஷயத்தில் பாதி கவனமாக இருக்கிறது. மார்த்தாவுக்குத் தூக்குக் கயிறு, அது சேலத்து முறை. கடைசியில் மட்டும் தீ. தீ இல்லாமல் சாத்தான் படத்தை முடிக்க யாருக்கும் மனம் வராது போல.

படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

சின்னக் குறைகள் நிறைய. கல்லூரிப் பெண்கள் என்கிறார்கள், நடத்துவது பள்ளிச் சிறுமிகளைப்போல. போலீஸ் வேண்டியபோது வருகிறது, வேண்டாதபோது காணாமல் போகிறது. போலிப் பெயரில் வந்த எலிசபெத் ஒரே நாளில் எல்லோரிடமும் மார்த்தாவைப் பற்றியே விசாரிக்கிறாள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றால் எப்படி? நடுப்பகுதியில் படியிறங்கும் காட்சி ஒன்று கூடிப்போய்விட்டது. மாசசூசெட்ஸ் என்கிறார்கள், கண்ணுக்குக் கலிஃபோர்னியா வெயில் தெரிகிறது. இதையெல்லாம் இரண்டு வாரப் படப்பிடிப்பு என்று மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. 1692-ல் கொல்லப்பட்டவர்கள் யாரும் சூனியக்காரிகள் இல்லை. நிலத்தகராறு, பொறாமை, பயம், வக்கிரமான நீதிமன்றம் ஆகியவற்றுக்குப் பலியான சாதாரண மனிதர்கள். மேரி ஈஸ்டி சாவதற்கு முன் நீதிபதிகளுக்கு எழுதிய மனுவில், எனக்காகக் கேட்கவில்லை, இனி குற்றமற்ற ரத்தம் சிந்தாமல் இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். இந்தப் படமோ அவர்களைச் சாத்தானின் சொந்தக்காரர்கள் ஆக்குகிறது. அவர்களுக்கு ஈடாக ஆள் சேர்க்க அவனே நேரில் வருகிறான் என்றால், அன்று தீர்ப்பெழுதியவர்கள் சொன்னது சரி என்றாகிவிடுகிறதே! பயமுறுத்துவதற்காக அந்த எட்டுப் பேரை இரண்டாவது முறை குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள். இந்தப் படம் மட்டுமல்ல, சேலத்தைத் தொட்ட பேய்ப்படங்கள் பலவும் செய்யும் வேலை இது.

மெய்யான கதையிலும் பள்ளிக்கூடம் வருகிறது என்பது வேறு விஷயம். தண்டிக்கப்பட்டவர்களைக் குற்றமற்றவர்கள் என்று மாசசூசெட்ஸ் அரசு 1711-லிருந்து தவணை முறையில் அறிவித்துக்கொண்டே வந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டும் உயிர்தப்பிய ஒரு பெண்ணின் பெயர் மட்டும் அந்த அறிவிப்புகளில் விடுபட்டே கிடந்தது. வடக்கு ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து மனுப்போட்டு, சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, 2022-ல் அவரையும் குற்றமற்றவர் என்று அறிவிக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரும் எலிசபெத், எலிசபெத் ஜான்சன்.

இதைத் திரும்ப எடுத்தார்களா?

2000-ல் ஏபிசிக்கே ஒரு மறு ஆக்கம் வந்தது. ஷானன் டோஹர்ட்டி கதாநாயகி. பழைய ராபர்ட்டா, அதாவது கேட் ஜாக்சன், இதில் கல்லூரித் தலைவியாக வருகிறார். அந்த ஒரு ரசனைக்காகப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் மாயாஜாலம் நிறைய, சங்கடம் குறைவு. பழையதையே பாருங்கள்.

எப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கும்?

பழைய டிவியின் சதுரமான சட்டகத்துக்காக எடுத்த படம். சில பிரதிகளில் அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், அதில் தலைகள் காணாமல் போகும். பக்கத்தில் கறுப்புப் பட்டை உள்ள பிரதியே சரியானது. மலிவுப் பிரதிகளில் இருட்டுக் காட்சிகள் சேறுபோல இருக்கும். நிலவறைக் காட்சியில் பெண்களின் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். வேலைநாள் இரவு, சாப்பிட்ட பிறகு, ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். திரை கறுக்கும்போது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் 1973-ல் பார்த்தவர்களின் அனுபவத்துக்கு இன்னும் நெருக்கம்.

பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

இரண்டு சொல்கிறேன். முதலாவது ‘குரோஹேவன் ஃபார்ம்’, 1970 நவம்பர் 24-ல் அதே ஏபிசி, அதே ஸ்பெல்லிங் தயாரிப்பு. பண்ணை வீடு ஒன்று பரம்பரைச் சொத்தாகக் கிடைத்த பெண்ணுக்கு முன்பிறவி நினைவுகள் வருகின்றன. மேலே சொன்ன ஜைல்ஸ் கோரியின் கற்கள் நினைவிருக்கிறதா? இதில் அந்தத் தண்டனையைக் கண்ணெதிரே காட்டுகிறார்கள். படமாக, நம்ம படத்தைவிட ஒரு படி மேல்.

இரண்டாவது ‘டோன்ட் பி அஃப்ரெய்ட் ஆஃப் தி டார்க்’. நம்ம படம் வந்து சரியாக மூன்று வாரம் கழித்து, 1973 அக்டோபர் 10, அதுவும் புதன்கிழமைதான். அடைத்து வைத்த கணப்படுப்பை ஒரு பெண் திறந்துவிடுகிறாள், உள்ளிருந்து குட்டி உருவங்கள் அவள் பெயரைக் கிசுகிசுக்கின்றன. சாத்தானைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட இதைப் பார்த்துவிட்டு மாடிப்படியின் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்ததாகச் சொல்கிறார்கள்.